பிடித்த பிடியை விடாத பின்பிறேக்

மோட்டார் வண்டி வைத்திருப்போர் எல்லோரும் அஞ்சுவது பிறேக் பிடியாமற் போவதற்கே. மிதித்தும் நில்லாத வண்டியை நினைத்து நடுங்காதவர் எவருமிலர். ஆனால், பிடித்த பிறேக் விடாமற் போவதை அத்துணை பொருட்படுத்துவோர் சிலரே. "வண்டி கொஞ்சம் இழுபறிப்படுகிறது", "பெற்றோல் சற்று அதிகமாகக் குடிக்கிறது" என்று சொல்லிக்கொண்டே மேலும் ஆறு மாதம் ஓட்டிவிடுவார்கள். உண்மையில் இவ்விரு குறைகளும் ஒன்றுக்கொன்று அயலார் அல்லர், உடன்பிறந்தவர்கள். விடாத பிறேக் முன்னே வரும். பிடியாத பிறேக் அதன் பின்னே வரும்.

எங்ஙனம் என்று பார்ப்போம். ட்றம்மை விட்டு விலகாத பிறேக் ஷூ, வண்டி ஓடும் நேரமெல்லாம் உராய்ந்துகொண்டே இருக்கின்றது. அவ்வுராய்விற் பிறக்கும் வெப்பம் ட்றம்மோடு நின்றுவிடுவதில்லை. ஷூவின் வழியே வீல் சிலிண்டரை அடைந்து, அதனுள் நிற்கும் பிறேக் ஒயிலையும் காய்ச்சுகின்றது. இன்று கடைகளில் விற்கும் 'டொட் 4' வகை ஒயில், புதிதாக இருக்கும்பொழுது 230 பாகை செல்சியசுக்குக் குறையாத கொதிநிலை உடையது. ஆனால் இந்த ஒயிலுக்குக் காற்றின் ஈரத்தை உறிஞ்சும் குணம் உண்டு. ஈரம் ஏறிய பின்னர் அதற்குத் தரநிர்ணயம் விதித்திருக்கும் குறைந்த கொதிநிலை 155 பாகைதான். 'டொட் 3' ஆயின் 140 பாகை. கொதித்த ஒயிலில் ஆவிக் குமிழிகள் தோன்றும். ஒயில் நசுங்காது, ஆவி நசுங்கும். அப்பொழுது மிதியிற் காலை வைத்தால், பஞ்சுப் பொதியை மிதித்ததுபோல அது அடிவரை இறங்கிவிடும்.

அக்காலத்துக் கார்களிற் பெரும்பாலானவற்றுக்கு மாஸ்டர் சிலிண்டர் ஒன்று. அதிலிருந்து புறப்படும் ஒயில் வழியும் ஒன்று. இக்காலக் கார்களில் இருப்பதுபோல, ஒரு பாதி கைவிட்டால் மறுபாதி காக்கும் இரட்டை ஏற்பாடு அவற்றில் இல்லை. ஆகையால் ஒரு பின்சில்லில் மாத்திரம் ஒயில் கொதித்தாற் போதும். நான்கு சில்லுக்கும் பிறேக் இல்லை. கடுகண்ணாவைச் சரிவில் இறங்கும்பொழுது இது நேர்ந்தால் என்னவாகும் என்பதை நான் விரித்துரைக்க வேண்டியதில்லை.

இவ்வாரம் நாம் எடுத்துக்கொள்ளும் வண்டி, நம் நாட்டுக் குடும்பங்கள் பலவற்றுக்கும் உறவினர்போல ஆகிவிட்ட மொறிஸ் மைனர். 1948இல் இலண்டன் ஏர்ள்ஸ் கோட் கண்காட்சியில் முதன்முதல் மக்கள் பார்வைக்கு வைக்கப்பட்ட கார் இது. வரைந்தவர் அலெக் இசிகோனிஸ்; பின்னாளில் 'மினி'யைப் படைத்தவரும் அவரே. 'மைனர் 1000' என்ற வடிவம் 1956இல் வந்தது. பிரித்தானியாவிற் செய்யப்பட்டுப் பத்து இலட்சம் என்ற எண்ணிக்கையை எட்டிய முதற் கார் இதுவே. 1971இல் இதன் உற்பத்தி ஓய்ந்தது. ஆயினும் புதிய கார்களின் இறக்குமதிக்குத் தடையும் கட்டுப்பாடும் இருந்த ஆண்டுகளில், இலங்கையின் வீதிகளிற் பல குடும்பங்களைத் தாங்கி நின்றவற்றுள் இதுவும் ஒன்று. பிறேக் உறுப்புகள் இதற்கு இன்றும் புதிதாகச் செய்யப்படுகின்றன. எனவே, "பழைய வண்டி, சாமான் கிடைக்காது" என்ற சாக்கு இங்கே செல்லாது.

கண்டியில் எங்கள் ஒழுங்கையிற் குடியிருக்கும் பெரியவர் ஒருவர், ஓய்வுபெற்ற புகையிரத நிலைய அதிபர். அவரிடம் 1958ஆம் ஆண்டு மைனர் ஒன்று இருக்கின்றது. அதன் இடப்புறப் பின்சில்லு சில மாதங்களாக இறுகிக்கொண்டு வந்தது. முதலிற் பார்த்த மெக்கானிக், அட்ஜஸ்டரை இரண்டு பல் தளர்த்திவிட்டு, "சரி ஐயா, இனி ஓடும்" என்று அனுப்பிவைத்தார். ஓடியதும் உண்மையே. ஆனால் மிதி முன்னையிலும் ஓர் அங்குலம் கூடுதலாக இறங்கத் தொடங்கிற்று. ஒரு மாதத்திற் சில்லு மீண்டும் இறுகியது. இரண்டாவதாகப் பார்த்தவர் மாஸ்டர் சிலிண்டருக்குப் புதிய இறப்பர்கள் போட்டுப் பணம் வாங்கிக்கொண்டார். சில்லு இறுகியபடியே இருந்தது. கொழும்பிலிருக்கும் மகள் வீட்டுக்கு ஆவணி விடுமுறையிற் காரிற் போவது அந்தக் குடும்பத்தின் வழக்கம். அதற்கு மூன்று கிழமை இருக்கையிலேதான் பெரியவர் என்னை அழைத்தார்.

"எங்களுடைய வண்டியிலே பிறேக் விடவில்லையென்றால் இரயில் புறப்படாது. கார்ட் கொடி காட்டவே மாட்டார். இதிலேதான் பிடித்தபடியே ஓடுகிறது!" என்றார்.

அவர் சொன்னதில் நியாயம் இருக்கின்றது. புகைவண்டியின் வெற்றிடப் பிறேக், குறை நேர்ந்தால் தானே பிடித்துக்கொள்ளும்படி அமைந்தது. காரின் ஒயில் பிறேக் அப்படியன்று. குறையோடு ஓடுவதற்கு அது இடங்கொடுக்கும்.

முதலிரு மெக்கானிக்குகளும் கைத்தொழில் அறியாதவர்கள் என்று நான் சொல்லமாட்டேன். அவர்கள் ஒரு கேள்வியைக் கேளாமல் ஸ்பனரை எடுத்துவிட்டார்கள். அந்தக் கேள்வி யாதெனில், இறுகிய சில்லு எது, அது மற்றச் சில்லுகளோடு எதைப் பங்குபோட்டுக்கொள்கின்றது என்பதே. வண்டியை நிறுத்தி, ஒரு தாளில் நான்கு சில்லுகளையும் குறித்து, அவற்றுக்குச் செல்லும் வழிகளைக் கோடாக வரைந்து பார்த்தாற் பாதி வேலை முடிந்தது. க.பொ.த. உயர்தரத்திற் பௌதிகவியல் பயிலும் அவருடைய பேரன்தான் எங்களுக்காக அந்தப் படத்தை வரைந்தான்.

படம் சொல்லும் செய்தி இது. மாஸ்டர் சிலிண்டர் நான்கு சில்லுகளுக்கும் பொது. அது குற்றவாளியாயின் நான்கும் இறுகவேண்டும். உடலிலிருந்து பின் அச்சுக்கு ஒயிலைக் கொண்டுசெல்லும் இறப்பர் ஹோஸ் ஒன்றுதான்; அது இரண்டு பின்சில்லுகளுக்கும் பொது. அது குற்றவாளியாயின் பின்சில்லுகள் இரண்டும் இறுகவேண்டும். ஒரே ஒரு பின்சில்லு மாத்திரம் இறுகுகின்றதென்றால், அந்தச் சில்லுக்கே உரிய பொருள்களுள் ஒன்றுதான் காரணமாக இருக்கமுடியும்: அதன் வீல் சிலிண்டர், அதன் ஷூக்களும் ஸ்பிரிங்குகளும், அதற்குச் செல்லும் கைப்பிறேக் கேபிள். மைனரிற் கைப்பிறேக் பிடியிலிருந்து ஒவ்வொரு பின்சில்லுக்கும் தனித்தனிக் கேபிள் செல்வதால், கேபிளையும் 'தனியுடைமை'க் கணக்கிற் சேர்க்கவேண்டும். ஆக, இடப்புறம் ஒன்று மாத்திரம் இறுகிய வண்டிக்கு மாஸ்டர் சிலிண்டரின் இறப்பர் மாற்றியது, பல்வலிக்காரனுக்குக் கண்ணாடி எழுதிக்கொடுத்த கதைதான்.

இங்கே மாணவ வாசகர்களுக்காக ஹோஸைப் பற்றி ஒரு சொல். இறப்பர் ஹோஸ் முதுமையினால் உட்புறம் வீங்கி அடைபடுவதுண்டு. வெளியே பார்த்தால் ஒன்றுந் தெரியாது. "அடைபட்ட குழாய் வழியே ஒயில் போகும், ஆனால் திரும்பாதா?" என்று பேரன் கேட்டான். நல்ல கேள்வி. ஓர் உதாரணக் கணக்குப் போடுவோம். கால் 40 இறாத்தல் விசையோடு மிதிக்கின்றது. மிதியின் நெம்புகோல் அதை ஐந்து மடங்காக்கினால் 200 இறாத்தல். மாஸ்டர் சிலிண்டரின் பிஸ்டன் பரப்பு அரைச் சதுர அங்குலமென்றால் அமுக்கம் சதுர அங்குலத்துக்கு 400 இறாத்தல். அவ்வளவு அமுக்கம் சிறு துவாரத்தின் வழியேயும் ஒயிலைத் தள்ளிவிடும். திரும்பும்பொழுதோ, அதைத் தள்ளுவதற்கு ஷூக்களை இழுக்கும் ஸ்பிரிங்கின் சிறு விசையைத் தவிர வேறு துணையில்லை. ஆகவே அடைபட்ட ஹோஸ் ஒருவழிக் கதவுபோல ஆகிவிடுகின்றது. பஸ்கால் கண்ட விதி போக்குக்கும் வரவுக்கும் ஒன்றே. தள்ளும் கைகள்தாம் வேறு.

நான்கு சில்லும் இறுகும் வண்டிகளைப் பற்றியும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மாஸ்டர் சிலிண்டரினுள்ளே, மிதி முற்றாக மேலே வந்திருக்கும்பொழுது மாத்திரம் திறக்கும் மிகச் சிறு துவாரம் ஒன்று உண்டு. வெப்பத்தால் விரியும் ஒயில் அதன் வழியாகத்தான் தாங்கிக்குத் திரும்பும். மிதியின் தள்ளுகோலுக்கும் பிஸ்டனுக்கும் இடையே ஏறக்குறைய முப்பத்திரண்டில் ஓர் அங்குலத் தளர்வு இல்லாவிட்டால் அத்துவாரம் மூடியே கிடக்கும். வண்டி காலையில் இலேசாக ஓடும். பத்துப் பன்னிரண்டு கிலோமீற்றரில் இறுகும். ஆறவிட்டால் மீண்டும் இலேசாகும். ஆறும்பொழுது விடுவது ஒயிற் குறை. ஆறினாலும் விடாதது துரு அல்லது கேபிள் என்று ஓரளவு துணிந்து சொல்லலாம். மைனரின் மாஸ்டர் சிலிண்டர் சாரதியின் காலடியில், தரைத் தகட்டுக்குக் கீழே மறைந்திருக்கின்றது. கண்ணிற் படாத பொருளுக்குக் கவனிப்பும் கிடைப்பதில்லை.

நிலைய அதிபரின் வண்டி ஆறினாலும் விடவில்லை. இரவு முழுவதும் நின்ற பின்னும் இடச்சில்லு கையாற் சுழலவில்லை.

சில்லைச் சோதிக்கும் முறையையும் சொல்லவேண்டும். கைப்பிறேக் பின்சில்லுகளை மாத்திரம் பிடிப்பது. அவற்றையே நாம் தூக்கப்போகிறோம், கைப்பிறேக்கையும் விடப்போகிறோம். எனவே வண்டியைத் தடுத்துநிறுத்த ஒன்றுமே மிஞ்சாது. முன்சில்லுகளுக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்த பின்னரே ஜக்கைத் தொடவேண்டும். தூக்கியதும் அச்சின் கீழ் உறுதியான தாங்குகால்கள் நிறுத்தவேண்டும். ஜக்கை மாத்திரம் நம்பி வண்டிக்கடியிற் புகுந்தோர் பலர் உயிரிழந்திருக்கின்றனர். செங்கல்லை அடுக்கித் தாங்குவதும் அதே வகைத் துணிச்சல்தான். பின்னர் கியரை நடுநிலையில் வைத்துச் சில்லைச் சுழற்றிப் பார்க்கலாம். இரண்டு பின்சில்லும் அந்தரத்தில் இருக்கையில் ஒன்றை முன்னே சுழற்றினால் மற்றது பின்னே சுழலும். அது இயல்பு, குறையன்று. இலேசாக 'சர்' என்று ஓரிடத்தில் உரசுவதும் குற்றமாகாது. இரு கையாலும் முயன்றும் அசையாதிருப்பதே நோய்.

இனி, எதையும் கழற்றாமற் செய்யக்கூடிய இரு சோதனைகள். முதலாவது, பின்தகட்டிலுள்ள நிப்பிளுக்கு ஒரு சிறு குழாயை மாட்டி, அதன் நுனியை ஒரு போத்தலில் விட்டு, நிப்பிளை அரைச் சுற்றுத் தளர்த்துவது. உள்ளே அமுக்கம் அகப்பட்டிருந்தால் ஒயில் பீறிடும். சில்லும் உடனே விடும். நாங்கள் தளர்த்தியபோது இரண்டு சொட்டு ஒயில் சோம்பேறித்தனமாக வந்தது. சில்லு அசையவில்லை. ஆகவே ஒயில் அமுக்கம் குற்றமற்றது. (பழைய நிப்பிளை அளவு பொருந்தாத ஸ்பனராற் திருகினால் முறிந்துவிடும். முதல் நாளே துரு இளக்கும் ஒயில் விட்டுவைத்து, ஆறுமுகமும் பற்றும் வளைய ஸ்பனராற் திருகவேண்டும்.)

இரண்டாவது சோதனை, பின்தகட்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் கைப்பிறேக் நெம்பிலிருந்து கேபிளின் ஊசியைக் கழற்றிவிடுவது. கேபிள் தன் உறைக்குள் துருப்பிடித்து இழுத்துக்கொண்டிருந்தால், ஊசி கழன்றதும் நெம்பு பின்வாங்கும், சில்லும் விடும். இங்கே கேபிள் கையால் இழுத்தால் ஓடியது, விட்டால் தளர்ந்தது. சில்லு மாத்திரம் அப்படியே நின்றது. கேபிளும் குற்றமற்றது.

"அப்படியென்றால் குற்றவாளி உள்ளேதான் இருக்கிறான், மாமா" என்றான் பேரன். ட்றம்மைத் திறப்பதற்கு இதுவே தக்க நேரம்.

திறக்குமுன் ஓர் எச்சரிக்கை. பழைய பிறேக் லைனர்களில் அஸ்பெஸ்ரஸ் இருந்தது. அதன் தூசி நுரையீரலிற் புகுந்தாற் பல ஆண்டுகள் கழித்தும் புற்றுநோய் விளைவிக்கும் என்பது இன்று நன்கறியப்பட்ட உண்மை. பழைய கராச்சுகளிற் காற்றடித்து ட்றம்மைத் துப்புரவாக்கும் வழக்கம் இருந்தது. வாயால் ஊதியவர்களும் உண்டு. இரண்டும் கூடாது. சவர்க்கார நீரைத் தெளித்து நனைத்து, ஈரத்துணியால் துடைத்து, அத்துணியை உறையில் இட்டுக் கட்டி அகற்றவேண்டும். முகத்துக்குத் தூசி வடிக்கும் கவசம் வேண்டும். வேலை நடக்குமிடத்திற் சிறு பிள்ளைகள் வேடிக்கை பார்க்க நிற்கலாகாது.

மைனரின் பின் ட்றம்மைப் பிடித்திருப்பவை இரண்டு திருகாணிகளே. சில்லைக் கழற்றியபின், ட்றம்மிலுள்ள துவாரத்தின் வழியே ஸ்குறூ டிறைவரை விட்டு அட்ஜஸ்டரை இடஞ்சுழியாக முழுவதும் தளர்த்திவிட்டு, திருகாணிகளை எடுத்தால் ட்றம் வரும். வராவிட்டால் மரச்சுத்தியலாற் சுற்றிவரத் தட்டலாம். வார்ப்பிரும்பின் விளிம்பில் இரும்புச் சுத்தியலால் அடித்தால் ட்றம் வெடிக்கும்.

திறந்ததும் கைவைக்காமற் பாருங்கள். இக்காலத்திற் கைத்தொலைபேசியில் ஒரு படம் எடுத்துக்கொள்வது எளிது. அதைவிட எளிது, ஒரு பக்கத்தை முடித்துவிட்டு மறுபக்கத்தைத் திறப்பது. எந்த ஸ்பிரிங் எந்தத் துளையில் மாட்டப்பட்டிருந்தது என்ற சந்தேகம் வந்தால், திறவாத பக்கம் மாதிரியாக இருக்கும். எங்கள் கண்ணிற் பட்டது இது: இரண்டு ஷூக்களுள் ஒன்றின் லைனர் ஒழுங்காகத் தேய்ந்திருந்தது, மற்றதன் லைனர் கண்ணாடிபோல் மினுங்கி, வெடித்து, பாதியாகத் தேய்ந்திருந்தது. ஆக, ட்றம்மைப் பிடித்துக்கொண்டு நின்றது ஒரு ஷூ மாத்திரமே.

இதன் காரணத்தை அறிய, மைனரின் பின்பிறேக் அமைந்திருக்கும் விதத்தை அறிதல் வேண்டும். முன்சில்லில் ஒவ்வொரு ஷூவுக்கும் ஒரு சிலிண்டர் உண்டு. பின்சில்லிலோ இரண்டு ஷூவுக்கும் சேர்த்து ஒரே சிலிண்டர். பெரும்பாலான மைனர்களில் அதனின்று ஒரு பக்கத்துக்கே பிஸ்டன் வெளிவரும். பிஸ்டன் ஒரு ஷூவைத் தள்ளுகின்றது. மற்ற ஷூவைத் தள்ளுவது யார்? சிலிண்டரே! அது பின்தகட்டில் இறுக்கி வைக்கப்படவில்லை. ஒரு நீள்துளையில் முன்னும் பின்னும் வழுக்குமாறு விடப்பட்டிருக்கின்றது. படகிலிருந்து ஒருவன் கரையைத் துடுப்பால் தள்ளினால் படகு எதிர்ப்புறம் நகர்கின்றதல்லவா? அதுபோலப் பிஸ்டன் ஒரு ஷூவைத் தள்ள, சிலிண்டரின் உடல் எதிர்ப்புறம் வழுக்கி மற்ற ஷூவைத் தள்ளுகின்றது. செலவு குறைந்த, அழகான உபாயம். ஆனால் அவ்வழுக்கல் நின்றுவிட்டால் உபாயம் முழுவதும் கெட்டுவிடுகின்றது. தள்ளிய இடத்திலேயே சிலிண்டர் துருவிற் சிக்கி நின்றால், ஸ்பிரிங் எவ்வளவு இழுத்தாலும் அந்த ஷூ ட்றம்மை விட்டு வராது. ஒயில் அமுக்கமும் இராது, கேபிளிலும் இழுப்பு இராது. ஆயினும் சில்லு இறுகியே இருக்கும். எங்கள் இரு சோதனைகளும் கண்டது இதனையே.

கையாற் தள்ளினால் வழுக்கவேண்டிய சிலிண்டர் அசையவேயில்லை. அது ஏன் துருப்பிடித்தது என்பதையும் கண்டுகொண்டோம். கைப்பிறேக் நெம்பு வெளியே வரும் இடத்தை மூடுவதற்கு ஓர் இறப்பர் உறை உண்டு. அது கிழிந்து தொங்கிற்று. மழைக்காலத்தில் வீதியின் சேறும் நீரும் சில்லால் வீசப்பட்டு, அந்தக் கிழிசலின் வழியே நேராக நீள்துளைக்குட் புகுந்திருக்கின்றன. மிகச் சிறிய இறப்பர்த் துண்டு. அதைத்தான் இரண்டு கராச்சுகளிலும் எவரும் குனிந்து பார்க்கவில்லை. அட்ஜஸ்டரைத் தளர்த்தியது நோயை மறைத்ததேயன்றி மாற்றவில்லை. தளர்த்தியதால் இரு ஷூக்களும் ட்றம்மிலிருந்து தூரப்போயின. அதனால்தான் மிதி கூடுதலாக இறங்கியது. விடாத பிறேக்கைச் சீர்செய்வதாகச் சொல்லிப் பிடியாத பிறேக்கை வாங்கிக்கொண்டார்கள். இப்படிச் செய்வதைத் திருத்தம் என்று அழைப்பதை நான் ஒருபோதும் ஏற்கமாட்டேன்.

சீர்செய்த விதம் வருமாறு. ஷூக்களை இறக்கி, ஒயிற் குழாயைக் கழற்றி, குழாயின் வாயைத் தூசி புகாதபடி மூடி, சிலிண்டரைத் துரு இளக்கி வெளியே எடுத்தோம். உள்ளே பிஸ்டன் ஓடும் சுவரிற் சிறு குழிகள் விழுந்திருந்தன. குழி விழுந்த சிலிண்டரைத் தேய்த்துப் பளபளப்பாக்கிப் புதிய இறப்பர் போடுவோர் உண்டு. சில மாதத்தில் அது கசியும். கசிந்த ஒயில் லைனரை நனைக்கும். ஆகவே புதிய சிலிண்டரே வாங்கினோம். பின்தகட்டின் நீள்துளையைக் கம்பித் தூரிகையாலும் மெல்லிய எமறித் தாளாலும் உலோகம் தெரியும்வரை துடைத்து, வெப்பந் தாங்கும் பிறேக் கிறீஸை மிக மெல்லிதாகப் பூசினோம். பூசியபின் புதிய சிலிண்டரை மாட்டி விரலாற் தள்ளிப் பார்த்தால், தடையின்றி இருபுறமும் ஓடவேண்டும். ஷூவின் ஓரங்கள் பின்தகட்டில் உரசும் மேடைகளிலும் பள்ளம் விழுவதுண்டு. அவற்றையும் சமப்படுத்தி அதே கிறீஸைத் தொட்டுவைக்கவேண்டும். சாதாரண கிறீஸ் சூட்டில் உருகி லைனருக்கு ஓடிவிடும். பிறேக்கின் இறப்பர்களைப் பெற்றோலாலோ மண்ணெண்ணெயாலோ எஞ்சின் ஒயிலாலோ கழுவினால் அவை வீங்கிக் கெடும். புதிய பிறேக் ஒயிலே அவற்றுக்கு உகந்தது. அது காரின் நிறப்பூச்சிற் பட்டால் மாத்திரம் உடனே தண்ணீரால் கழுவிவிடுங்கள். பூச்சை அது தின்றுவிடும்.

லைனர்களைப் பொறுத்தவரை ஒரு சிக்கனமும் செல்லாது. ஒரே அச்சின் இரு பக்கத்துக்கும் ஒன்றாகவே மாற்றவேண்டும். ஒரு பக்கம் புதியதும் மறுபக்கம் பழையதுமாக இருந்தால், மிதிக்கும்பொழுது வண்டி ஒரு புறம் இழுக்கும். எனவே வலப்புறத்தையும் திறந்தோம். அங்கே சிலிண்டர் நன்றாகவே வழுக்கியது.

ஒயிற் குழாயைக் கழற்றியதனால் உள்ளே காற்றுப் புகுந்திருக்கும். அதை அகற்ற இருவர் வேண்டும். மாஸ்டர் சிலிண்டர் வலப்புறச் சாரதியின் காலடியில் இருப்பதால், அதற்கு மிகத் தூரத்திலுள்ள இடப்புறப் பின்சில்லிலிருந்து தொடங்குவது முறை. பேரன் சாரதி ஆசனத்தில் அமர்ந்தான். நான் சில்லருகே இருந்தேன்.

"மிதி, தம்பி… அப்படியே பிடித்திரு." நிப்பிளைத் திறந்தேன். குமிழியோடு ஒயில் வந்தது. மூடினேன். "இனி விடு."

மூடுமுன் காலை எடுத்தால் வெளியே போன காற்று உள்ளே திரும்பிவிடும். இந்த வேலையிற் பொறுமை தேவைப்படும் இடம் அதுவே. இடையிடையே நிலைய அதிபர் தரைத் தகட்டின் மூடியைத் திறந்து, தாங்கியில் ஒயில் குறையாமல் ஊற்றிக்கொண்டிருந்தார். ஊற்றுமுன் மூடியைச் சுற்றியிருந்த மணலைத் துடைக்க அவர் மறக்கவில்லை. வந்த பழைய ஒயில் தேநீர்ச் சாயம்போல இருந்தது. அது தெளிவாக வரும்வரை நான்கு சில்லிலும் மாற்றினோம். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறையாவது இதைச் செய்வது நல்லது. ஈரம் ஏறிய ஒயில் கொதிநிலையைத் தாழ்த்துவதோடு, சிலிண்டரின் சுவரையும் உள்ளிருந்தே துருவேற்றுகின்றது.

இறுதியாகச் சரிப்படுத்தல். இதில் ஒழுங்கு மாறலாகாது. முதலில் ஷூ, பின்னரே கேபிள். அட்ஜஸ்டரை வலஞ்சுழியாகச் சில்லு பூட்டும்வரை திருப்பி, பின் ஒரு பல் தளர்த்தி, சில்லு தடையின்றிச் சுழல்வதைப் பார்க்கவேண்டும். இரு பக்கமும் முடிந்தபின் கைப்பிறேக்கை மூன்றாவது பல்வரை இழுத்து, பிடியின் அடியிலுள்ள நட்டுகளால் இரு கேபிளையும் ஒத்த இறுக்கத்துக்குக் கொண்டுவரவேண்டும். ஷூவின் தேய்வை மறைக்கக் கேபிளை இறுக்குவோர், தாமே தமக்கு இறுகிய பின்சில்லைச் செய்துகொள்கின்றனர்.

மறுநாட் காலை பேராதனைப் பக்கம் பத்துக் கிலோமீற்றர் ஓட்டிச்சென்று, சமதரையிற் கியரை விட்டு வண்டியைத் தானே உருளவிட்டோம். முன்பு மாட்டுவண்டிபோல நின்றுவிட்ட கார், இம்முறை எதிர்பார்த்த இடத்தைத் தாண்டி உருண்டது. இறங்கிப் பின் ட்றம்கள் இரண்டினருகேயும் புறங்கையைக் கொண்டுசென்று பார்த்தோம். (தொட்டுப் பார்க்காதீர்கள், இறுகிய ட்றம் தோலை உரித்துவிடும்.) இரு பக்கமும் ஒரே இளஞ்சூடு. புதிய லைனர் ட்றம்மோடு படிவதற்குச் சில நூறு கிலோமீற்றர் ஓடவேண்டும்; அதன்பின் அட்ஜஸ்டரை மீண்டும் ஒருமுறை பார்க்கவேண்டும். அதுவரை மலையிறக்கம் வேண்டாம் என்று சொல்லிவைத்தேன். நீண்ட நாள் வண்டியை நிறுத்திவைக்கும்பொழுது கைப்பிறேக்கை இழுத்துவைக்காமல், சமதரையிற் கியரில் விட்டுச் சில்லுக்குக் கட்டை வைக்கும்படியும் சொன்னேன். ஈரக்காலத்தில் ஷூ ட்றம்மோடு துருவால் ஒட்டிக்கொள்வது இந்நாட்டிற் சாதாரணம்.

வலப்புற நெம்பின் இறப்பர் உறையிலும் ஒரு வெடிப்பு ஓடியிருக்கின்றது. கடையில் ஒன்றுதான் இருந்தது. அதை இடப்புறத்துக்குப் போட்டுவிட்டோம். மற்றது வரும்வரை வண்டி கொட்டகையை விட்டு மழையில் இறங்கலாகாது என்று நிலைய அதிபர் வீட்டாருக்குக் கட்டளையிட்டிருக்கிறார்.